மரை கழண்டது யாருக்கு?

பெரியப்பாவின் மாருதி 800 என்னைவிட சீனியர். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறினாலே முன்பக்கம் 'கட கட'ன்னு பாட ஆரம்பிக்கும். "பாலத்து ஜாயின்ட்டுடா" என்பார் பெரியப்பா. 2022 கடைசியில் பாலத்தை மூடி, ரிப்பேர் பார்த்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். பாலம் சமர்த்தாயிடுச்சு. கட கட மட்டும் நிற்கலை!

"ஷாக் அப்சார்பர் காலி. நானே மாத்தறேன்" என்றேன். மெக்கானிக்கல் தேர்ட் இயர் பாஸ், சும்மாவா? திங்கள் காலை பெரியம்மாவுக்கு கன்டோன்மென்ட்டில் கண் ஆபரேஷன். ஞாயிறு மதியம் வாசலில் ஜாக்கி போட்டுட்டேன்.

ஷாக் அப்சார்பரின் அடியில் ரெண்டு போல்ட். முதலாவது சமர்த்தாக வந்தது. ரெண்டாவது துருவேறி அசைய மறுத்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; மரைக்குள்ளே ஆப்பு அடிச்ச மாதிரி. இதெல்லாம் எக்ஸாம்ல எழுதுவேன். கையில் ரிங் ஸ்பானர் இல்லாததால் திறந்த வாய் ஸ்பானரை மாட்டி இழுத்தேன். அது நட்டின் ரெண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். சர்ர்ர்... ஆறு மூலை நட்டு, உருண்டையாயிடுச்சு.

விட்டேனா? ஸ்பானரில் பைப்பைச் சொருகி தம் கட்டி இழுத்தேன். வண்டி ஆடியது. ஜாக்கி சாய்ந்தது. தடால்!

என் கால் அடியில்தான் இருந்தது. நசுங்கலை. கழட்டிப் போட்ட டயரை, நான் கவனிக்காதபோது பெரியப்பா வண்டிக்கு அடியில் தள்ளி வெச்சிருந்தார். வண்டி அது மேலே உட்கார்ந்திருந்தது. பின் சக்கரத்துக்குக் கல்லுகூட அண்டக் கொடுக்கலை நான். பெரியப்பா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் தாங்க முடியலை.

மாம்பழச்சாலை மெக்கானிக் அண்ணனுக்கு போன் போச்சு. வந்தவர் முதல்ல கல்லு வெச்சு, ஸ்டாண்டு கொடுத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஆயிலை விட்டு, "டீ சாப்பிடலாமா தம்பி?" என்றார். மணி அஞ்சாச்சே! "ஆயில் இறங்கட்டும். அவசரப்பட்டா போல்ட்டுக்குப் பிடிக்காது."

"கேஸ் வெச்சு சூடு காட்டலாமே?" நட்டு விரிந்து இளகுமே என்று என் கணக்கு. "மேல ஆயில் இருக்கிற ஷாக் அப்சார்பர், கீழ ரப்பர். தீபாவளி கொண்டாடணுமா?" என்றார். கப்சிப்.

கடைசியில் உளியால் நட்டைப் பிளந்து, போல்ட்டைத் தட்டி எடுத்தார். நான் ஹார்டுவேர் கடைக்கு ஓடி புது போல்ட் வாங்கி வந்தேன். தலையைத் திருப்பிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நம்பரே இல்லையே?" பழசின் தலையில் 8.8 இருந்தது. முதல் எட்டு, 800 மெகாபாஸ்கல் இழுவிசை. மிச்ச எட்டு, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமா நீளாது. இன்டர்னல்ஸ்ல ரெண்டு மார்க் வாங்கிய அதே கேள்வி! அவரே எங்கேயோ போன் போட்டு சரியானதை வரவழைத்தார். நான் கை வைக்காத இன்னொரு பக்கத்தை இருபது நிமிஷத்தில் முடித்தார்.

மறுநாள் காலை பாலம் ஏறினோம். சத்தமே இல்லை. பின் சீட்டில் பெரியம்மா தூங்கிட்டிருந்தார். பெரியப்பா மெதுவா கேட்டார்: "ஜாக்கி விழுந்ததை உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை. இந்தப் பக்கத்தைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறாங்க.