பறவைக்கு வந்த கேள்வி

செல்லோவை நான் வாசித்ததில்லை. ஒரே ஒருமுறை, நண்பர் ஒருவரின் வீட்டில், அதை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி அதன் தடித்த தந்தியில் வில்லை இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒலி காதை எட்டும் முன்பே நெஞ்செலும்பில் அதிர்ந்தது. அந்த வாத்தியத்துடன் எனக்கிருந்த நேரடி உறவு அவ்வளவே. ஆனாலும் கடந்த சில மாதங்களாக யானோஷ் ஸ்டார்க்கர் என்ற ஹங்கேரிய செல்லோக் கலைஞரைப் பற்றியே அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய இசை அதற்குப் பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தைச் சொல்ல என் கதையையும் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் அவர். 1924இல் புடாபெஸ்டில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். அண்ணன்மார் இருவரும் வயலின் பயின்றதால் கடைக்குட்டிக்குச் செல்லோ என்று வீட்டில் முடிவாயிற்று. ஆறு வயது நிறையும் முன்பே வாத்தியம் கைக்கு வந்துவிட்டது. எட்டு வயதில் முதல் மாணவர், பன்னிரண்டு வயதுக்குள் ஐந்து மாணவர்கள். பதினான்கு வயதில், வாசிக்க வேண்டியவர் வர இயலாமற்போக, மூன்று மணிநேர அவகாசத்தில் மேடையேறி ட்வோர்ஷாக்கின் கான்செர்ட்டோவை வாசித்தார். பதினைந்தில், கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டாவை அந்தக் கோடாயின் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினார். பால மேதைகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் இத்தகைய வரிகளைப் படித்துப் படித்து நமக்குச் சலித்துவிட்டது. எனக்கும் சலித்தது, அந்த எட்டு வயது மாணவர் விஷயம் நீங்கலாக. ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனுக்கு வில் பிடிக்கக் கற்றுத் தருகிறான். தான் எப்படிப் பிடிக்கிறோம் என்று அவன் ஒரு கணமேனும் குனிந்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

பிறகு போர் வந்தது. அண்ணன்மார் இருவரும் கட்டாய உழைப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். ஸ்டார்க்கர் மூன்று மாதங்கள் முகாமில் அடைபட்டுக் கிடந்து உயிர் மீண்டார். போருக்குப் பின் புடாபெஸ்ட் ஓப்பராவில் முதல் செல்லோக் கலைஞரானார். 1946இல் நாட்டை விட்டு வெளியேறி வியன்னாவுக்கும் பின்னர் பாரிசுக்கும் சென்றார்.

அந்த அலைச்சலின் நடுவேதான் அது நிகழ்ந்திருக்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவருக்குத் தன் கைகள் செய்வது என்னவென்றே தெரியவில்லை என்பது புலப்பட்டுவிட்டது. கண் தெரியாதவனைப் போல வாசித்தேன் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எப்படிப் பாடுகிறோம் என்று அறியாமலே பாடும் பறவைக்குத் திடீரென்று அந்தக் கேள்வி எழுந்தால் என்னாகும்? பால மேதைகள் எல்லாருக்கும் ஒருநாள் இது நேர்கிறது என்பது அவர் எண்ணம். அவர் மனம் உடைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதைப் படித்த இடத்தில் கணினியை மூடிவிட்டு எழுந்து வெளியே சென்று சற்று நேரம் நின்றேன்.

எனக்கு ஏழு வயதில் வயலின் வந்தது. 'வந்தது' என்றுதான் சொல்லவேண்டும், கற்றதாக நினைவில்லை. கேட்டதை விரல்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்டன. உறவினர் வீட்டுத் திருமணங்களில் என்னை உட்கார்த்தி வாசிக்கச் சொல்வார்கள். பதினான்காம் வயதில், அப்படியொரு திருமணத்தில், காம்போதியில் மேல் ஷட்ஜத்துக்கு விரல் ஏறிய தருணத்தில், இது எப்படிச் சரியான இடத்தில் போய் நிற்கிறது என்று ஓர் எண்ணம் ஓடியது. அடுத்த முறை ஏறியபோது நிற்கவில்லை. அதற்கடுத்த முறையும் நிற்கவில்லை. ஆசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என்னிடம் பிரியம் கொண்டவர். "யோசிக்காதேடா, இன்னும் நூறு தடவை வாசி" என்றார். நூறு தடவை வாசித்தேன். பிழையும் நூறு தடவை என்னோடு சேர்ந்து சாதகம் செய்தது. இரண்டு வருடங்களில் வயலின் பரணுக்குப் போயிற்று.

ஸ்டார்க்கர் பரணில் வைக்கவில்லை. தன்னையே ஒரு கடிகாரம்போலப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். 1948இல் அமெரிக்கா சென்று டல்லாஸ், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பரா, பின் சிகாகோ சிம்பொனி எனப் பத்தாண்டுகள் இசைக்குழுக்களில் முதல் செல்லோ இருக்கையில் இருந்தார். உடல்நிலை, மனநிலை எப்படியிருந்தாலும் மாலையில் வாசித்தே ஆகவேண்டிய வேலை அது. 1958இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தவர், 2013இல் மறையும்வரை அந்தப் புளூமிங்டன் ஊரிலேயே வாழ்ந்தார். உலகெங்கும் தனிக் கச்சேரிகள் செய்தபடியேதான் கற்பித்தார். ஒன்றில்லாமல் மற்றொன்று தனக்கு இயலாது என்பார். என்ன செய்கிறோம் என்பதை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் உண்மையில் என்ன செய்கிறோம் என்பது தனக்கே தெரியவருகிறது என்பது அவர் கட்சி.

அவருடைய பாடமுறையில் மர்மம் என்பதே இல்லை. வில்லின் வலிமை விரல்களிலிருந்து பிறப்பதில்லை, முதுகிலிருந்து தோள் வழியாக இறங்கி வருகிறது. உடலின் ஓரிடத்தில் இறுக்கம் தேங்கினால் ஒலியும் அங்கேயே தேங்கும். இடக்கை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தாவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் அதை ஒரே செயலாக நினைப்போம். அவர் அதை இரண்டாகப் பகுத்தார். வில் திசை மாறும் முன்பே, பழைய வில்லிலேயே கை நகர்ந்துவிடுவது ஒருவகை. வில் மாறிய பின்பு புதிய வில்லில் நகர்வது இன்னொருவகை. கேட்பவர் காதில் இரண்டும் வேறு வேறு உணர்ச்சிகள். எதை, எங்கே, ஏன் என்று வாசிப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு என்று ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பவரின் இசை உலர்ந்திருக்கும் என்று சிலர் குறைபட்டதுண்டு. மேடையில் அவர் முகம் அசையாது என்பதும் அவர்களுக்கு வசதியான சான்று. (வாசிப்பவர் தலையை ஆட்டி உருகினால்தான் நமக்கும் உருக்கம் வருகிறது என்பது சபாக்களுக்கு மட்டுமான வியாதி அல்ல போலும்.) பரவசம் கேட்பவருக்கு வரவேண்டுமே தவிர வாசிப்பவருக்கு அல்ல என்று அவர் நினைத்தார். 1950 வாக்கில், இசையமைப்பாளர் பார்த்தோக்கின் மகன் பீட்டர் பார்த்தோக் ஒலிப்பதிவு செய்த அந்தக் கோடாய் சொனாட்டாவைக் கேட்டவர்கள் உலர்ந்த இசை என்று சொல்லமாட்டார்கள். கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டி வாசிக்க வேண்டிய படைப்பு அது. அந்தத் தாழ்ந்த ஒலியில் ஓர் ஊரே மூச்சுவிடுவது போலிருக்கும். பாஹின் தனிச் செல்லோ சூட்களை அவர் ஐந்து முறை பதிவு செய்திருக்கிறார். முன்பு கண்ட விடையில் அவருக்கு நிறைவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. சங்கிலிபோலப் புகைத்தவர், மேடைக்குப் பின்னால் புகைக்க விடவில்லை என்று ஒரு கச்சேரியையே ரத்து செய்தவர். வகுப்பில் நாக்கும் கூர்மையானது. ஆனால் அவரிடம் பயின்ற சுட்சுமி, மரியா கிளீகல், கேரி ஹாஃப்மன் மூவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒலி மற்றவருடையதன்று, எவருடையதும் ஆசிரியருடையதன்று.

இனி சொல்லத் தயங்கும் பகுதி. இரண்டு வருடங்களாக எங்கள் அடுக்ககத்தில் ஒரு சிறுமிக்கு வயலின் சொல்லித் தருகிறேன். அவள் தாயார் கேட்டபோது மறுக்க முடியவில்லை. பரணிலிருந்து வயலின் இறங்கியது. சென்ற ஆடியில் ஒருநாள் அவள், "மாமா, மேல சா-வுக்குப் போறப்போ மட்டும் ஏன் தப்பா வருது?" என்று கேட்டாள். நான் சற்றும் யோசிக்காமல், "இன்னும் நூறு தடவை வாசிம்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது என் ஆசிரியரின் குரல். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். மறுவாரம் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

அன்றிரவு கண்ணாடி முன் தரையில் அமர்ந்து, வயலினைக் கணுக்காலில் ஊன்றி, மேல் ஷட்ஜத்துக்கு ஏறிப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். வாத்தியம் நெஞ்சிலும் காலிலும் தாங்கியிருக்கிறது, இடக்கை அதைத் தாங்கவேண்டியதே இல்லை. ஆனால் என் கட்டைவிரல் வயலினின் கழுத்தைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது. சுட்டுவிரல் புறப்படுகிறது, கட்டைவிரல் விட மறுக்கிறது, பிறகு வெடுக்கென்று விடுகிறது, கை தாண்டிப்போய் விழுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள். விளக்கை அணைக்க வெகுநேரம் ஆயிற்று.

காய்ச்சல் விட்டு அவள் வந்தபோது வாசிக்கச் சொல்லவில்லை. கட்டைவிரலை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஏறினாள். அபசுரம்தான். மீண்டும் ஏறினாள், அதுவும் அபசுரம். பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு, வயலினைத் தொடாமல், இடக்கையை மட்டும் காற்றில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் மாமா முன்னாடியே கிளம்ப மாட்டேங்குது?" என்றாள்.