இரண்டு சூரியோதயங்கள்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து லண்டன் மாநகரத்துக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 14,500 கிலோமீட்டர் என்பது பூகோளக் கணக்கு, ஆனால் அந்தப் பிரயாணத்தைச் செய்து வந்தவரைக் கேட்டால் கிலோமீட்டரைச் சொல்லமாட்டார், "அப்பப்பா, பதினேழு மணி நேரம்!" என்பார். தூரம் என்றும் ஒன்றே. நேரமோ வாயு பகவானின் சித்தத்துக்குக் கட்டுப்பட்டது. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் விரைகின்ற காற்றுப் பிரவாகம், போகும்போது எதிர்த்து நின்று வரும்போது பின்னிருந்து தள்ளுவதால், லண்டனிலிருந்து திரும்புகிறவர் பெரும்பாலும் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறார்.

இந்தப் பதினேழு மணியைக் குறித்து யாரேனும் சலித்துக்கொள்ளக் கேட்டால், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிதான் என் நினைவுக்கு வரும். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த விமான வழி அறுபட்டுப் போகவே, மறு வருஷம் குவாண்டாஸ் கம்பெனியார் கேட்டலீனா என்னும் கடல் விமானங்களைக் கொண்டு, பெர்த்தின் சுவான் நதியில் எழும்பி, இடையில் எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் சமுத்திரத்தைத் தாண்டிக் கொக்கல ஏரியில் வந்து இறங்கும் சாகசத்தைத் தொடங்கினார்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே போகக்கூடிய அவ்விமானங்களுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க இருபத்தேழு மணியும் ஆகும், காற்று ஒத்துழைக்காவிட்டால் முப்பதைத் தாண்டியும் போகும்.

அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய பெட்ரோலை நிரப்பிய பிறகு மிஞ்சிய இடம் மூன்றே பிரயாணிகளுக்கும் எழுபது கிலோவுக்கு உட்பட்ட தபாலுக்கும்தான். குளிர் தாங்கும் உள்ளுறையைக்கூடக் கனம் என்று கழற்றிவிட்டார்கள். ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படாதிருக்க அபாயமான பகுதியை இருளிலேயே கடக்கவேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. ஆகவே வழிகாட்டி உத்தியோகஸ்தர் கோணமானியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, ஆடுகிற விமானத்திலிருந்து நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து, பென்சிலால் கணக்குப் போட்டுத் திசை சொல்வார். அவ்விமானங்களுக்கு வேகா, ரைஜல், ஸ்பைகா என்று நட்சத்திரங்களின் பெயரையே இட்டிருந்தது எவ்வளவு பொருத்தம்!

ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசிய சங்க'த்தின் அங்கத்தினர் என்று ஒரு பத்திரம் வழங்கப்பட்டதாம். யுத்தத்தின் நடுவிலும் இப்படி ஒரு வேடிக்கை செய்யத் தோன்றிய அந்த மனிதர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

2018-இல் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேராகவே பறக்கத் தொடங்கிய விமானமோ, மாலையில் கிளம்பி, மேற்கே நகரும் இரவை விடாமல் பின்தொடர்ந்து, விடியும் வேளையில் லண்டனில் இறங்கியது. வழியெல்லாம் ஏறக்குறைய ஒரே நீண்ட இராத்திரி. அந்த அபூர்வமான இரவுக்கும் ஒரு பத்திரம் கொடுக்கலாம்தான். ஆனால் பிரயாணிகள் போர்வைக்குள் அதைத் தூங்கியே கழித்துவிட்டு, கால் மரத்துப் போயிற்று என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள்.