சேலையும் நெசவும்

ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டிருக்கும் அக்காள் மகள் கேட்டாள்: "மாமா, ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுதினேன். வெளியிலிருந்து கூப்பிட்டால் அப்படி ஒன்றே இல்லை என்கிறதே?"

அம்மொழியில் பெயர்களைத் தமிழெழுத்திலேயே வைக்கலாம். வெளி ஃபங்ஷனுக்கு 'வீடு', உள்ளிருப்பதற்கு 'நெசவு' என்று அவள் பெயரிட்டிருந்தாள். திருப்பருத்திக்குன்றத்தில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவள், வேறென்ன பெயர் வைப்பாள்?

விதி எளிது. உள்ளிருப்பவருக்கு வெளியில் உள்ளதெல்லாம் தெரியும். வெளியில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஒரு பெயர் எங்கு செல்லும் என்பதை அது எழுதப்பட்ட இடமே தீர்மானிக்கிறது. 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது, 1975இல் பிறந்த ஸ்கீம் என்னும் மொழியிலிருந்து பெற்றுக்கொண்ட பண்பு இது. 'வீடு' எத்தனை முறை இயங்கினாலும் 'நெசவு' தானாகத் தெருவுக்கு வராது. வீடே அதை எடுத்துத் தரவேண்டும். அதற்குத்தான் 'ரிட்டர்ன்' என்னும் சொல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'நெசவு' என்ற பெயரை அடைப்புக்குறிகளோடு எழுதித் திருப்பினால், நெசவு உள்ளேயே நடந்து முடிந்து அதன் விளைவு மட்டும் வெளியே வரும். குறிகள் இல்லாமல் பெயரை மட்டும் திருப்பினால், நெசவே கைக்கு வரும். முன்னது சேலை, பின்னது தொழில்.

அப்படி வெளியே வந்த நெசவு வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டுக்குள் எண்ணிவைத்த இழைக்கணக்கையும் சுமந்து வருகிறது. வீடு இயங்கி முடிந்த பிறகும் அந்தக் கணக்கு அழிவதில்லை. வீட்டை இருமுறை அழைத்தால் இரண்டு நெசவுகள். ஒன்றின் கணக்கு மற்றதோடு கலக்காது. இதைத்தான் 'க்ளோஷர்' என்கிறார்கள். அதைப் பிடித்துக்கொள்ள யாருமே இல்லையென்றால், கணினி சொல்லாமல் கொள்ளாமல் நினைவகத்திலிருந்து அகற்றிவிடும்.

எங்களூர்த் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. அந்தப் பேரரசு போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. மண்டபமும் அதன் விதானத்து ஓவியங்களும் இருக்கின்றன. கல்லுக்குக் கிடைக்கும் இந்த ஆயுள் கைப்பழக்கத்துக்குக் கிடைப்பதில்லை.

காஞ்சிபுரம் பல தலைமுறைகளாக அடைப்புக்குறிகளோடுதான் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. சேலை உலகெங்கும் போயிற்று. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, இழையோடு இழை கோத்து வரும் கோர்வையைச் சேலையைப் பிரித்துப் பார்த்துக் கற்க முடியாது. தறிக்குழியில் கால் இறக்கியவர் கற்றுத்தந்தால்தான் உண்டு. கோர்வைக்கு ஒருவர் போதாது; கரை நாடாவைத் தள்ளித்தர இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காமல்தான் எங்கள் வீட்டுத் தறி நின்றது. நானும் தம்பியும் படித்து வேலைக்குப் போய்விட்டோம்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கை இன்னும் நடுங்கவில்லை. ஆவணியில் மறுபடி பாவு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கரை நாடாவுக்கு நான் உட்காருகிறேன்.