மஞ்சளித்த முகப்பு விளக்குகள்



நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பிவிட்டால், மொன்றியலில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருள் சூழத் தொடங்கிவிடும். டிசம்பர் 1க்குள் பனிக்கால ரயர்களை மாட்டவேண்டும் என்று கியூபெக் சட்டம் கட்டளையிடுவதால் அதனை எவரும் மறப்பதில்லை. முகப்பு விளக்குகளுக்கு அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வந்தேன். பழைய வாகனங்கள் பலவற்றின் விளக்குகள், புரை விழுந்த கண்களைப் போல மஞ்சளித்து மங்கியிருந்தன.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். சில வாரங்களுக்கு முன் என்னிடம் வந்து, "சுவாமி, இரவில் வீதி தெரியுதில்லை. கண் பழுதாகிப்போச்சு. வேலையை விடப்போறன்" என்றார். அந்த வருமானத்தில்தான் அவருடைய மகள் படிக்கிறாள். கண்ணைப் பரிசோதித்தவர்களோ குறையேதும் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய 2006ஆம் ஆண்டுக் கொறொல்லாவின் முன்னால் போய் நின்றபோதுதான் காரணம் விளங்கிற்று.

நம் மூத்தோருக்கு இது புதிய நோய். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் எத்தனையோ குறைகள் இருந்தன. விளக்கு மஞ்சளிக்கும் குறை மட்டும் இருந்ததில்லை. அவற்றின் விளக்கு கண்ணாடியால் ஆனது. அமெரிக்கா 1983இல் விதியை மாற்றியபின், 1984ஆம் ஆண்டு லிங்கன் மார்க் செவன் தொடங்கி, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்தது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அதற்கு ஆகாது. எனவே தொழிற்சாலையிலேயே அதன்மேல் காப்புப் பூச்சொன்றை இடுகிறார்கள். ஆண்டுகள் செல்ல, வெயிலும் வீதி மணலும் அப்பூச்சைத் தின்றுவிடுகின்றன. மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால், நாள்தோறும் ஓட்டுபவரே அதனைக் கடைசியாக அறிகிறார். ஏஏஏ என்னும் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கம் 2018இல் சோதித்தபோது, மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டையே தந்தன. துலக்கியபின் அது ஏறத்தாழ 70 ஆயிற்று.

செய்முறை கடினமன்று. விளக்கைச் சுற்றியுள்ள வர்ணத்தை ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டு, நீர் தெளித்துக்கொண்டே அரத்தாளால் (தமிழ்நாட்டார் உப்புத்தாள் என்பார்கள்) தேய்க்கவேண்டும். முதலில் 800, பின்பு 1500, இறுதியில் 3000. முதல் தாளோடு விளக்கு முன்னிலும் மோசமாக வெளுத்துப்போகும். அங்கே மனந்தளர வேண்டாம். மெருகுப் பசையிட்டுத் துடைத்தால் தெளிவு திரும்பும். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சை இடாவிட்டால், சில மாதங்களிலேயே மஞ்சள் மீண்டுவிடும். பற்பசையால் தேய்க்கும் காணொளிகளை எனக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதுவே பதில். கொசு விரட்டியைப் பூசவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். மங்கல் உட்புறத்தில் இருந்தாலோ, வெடிப்பு விழுந்திருந்தாலோ, விளக்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இருவருமாகத் தேய்த்தோம், இரண்டு மணிநேரம் ஆயிற்று. புரை நீங்கியதைப் பற்றி ஒரு மறையுரையே என் நாவின் நுனிவரை வந்தது. அவருடைய கையில் ஈரத்தாள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அன்றிரவு வேலைத்தலத்திலிருந்து அழைத்து, "வீதிக்கோடு தெரியுது, சுவாமி" என்றார். வேலையை விடும் பேச்சை அவர் பின்பு எடுக்கவில்லை.

ரொறன்ரோவுக்குத் திருமண வீடுகளுக்குச் சென்று, இரவோடிரவாக 401 நெடுஞ்சாலையில் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். புறப்படுமுன் சுவரொன்றின் எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். பூச்சு காய்வதற்கு உலர்ந்த, குளிரற்ற நாள் வேண்டும். அத்தகைய நாள்கள் இவ்வாண்டு இனி அதிகமில்லை. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மழை இல்லையானால், கோயிலின் பின்புறத் தரிப்பிடத்தில் இருப்பேன். தாளும் பூச்சும் என்னிடம் உண்டு. ஒரு வாளியும் பழைய துணியும் கொண்டுவாருங்கள்.