கணக்கு அங்கிள் கம்போடியா போன கதை

சிங்கப்பூர்,
புதன் ராத்திரி.

அன்புள்ள குஞ்சு,

கம்போடியா கதையை போன்லயே கேட்டே, நான் மழுப்பிட்டேன். பக்கத்து ரூம்லதான் எங்க வீட்டுக்காரர் இருந்தார். அவரும் சபைக் கமிட்டியில இருக்காரே! இதைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

எங்க சபையில இருந்து ஊழியப் பயணமா யார் யார் வந்தாங்கன்னு முதல்ல சொல்லுதேன். எங்க பாஸ்டர், வாலிபர் கூட்டம், ரெண்டு கிட்டார், எல்லாருக்கும் ஒரே நிறத்துல டி-ஷர்ட். கொயர் ஆன்ட்டி ஒரு பெட்டி நிறைய கைப்பிரதி, இன்னொரு பெட்டி நிறைய பழைய சேலை. "அங்க யாரு ஆன்ட்டி சேலை கட்டுதா?"ன்னு கேட்டேன். "திரைச்சீலைக்காவது ஆகும்"னாங்க. கடைசியா எங்க பொருளாளர் அங்கிள். கப்பல் கம்பெனியில கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவர். "காசைப் பார்த்துக்க ஒரு பெரியவர் வேணும்"னு கமிட்டி அனுப்பி வச்சது. ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோட வந்து இறங்கினார். பிள்ளைங்க முதுகுக்குப் பின்னால சிரிச்ச சிரிப்பு இருக்கே!

நாங்க போனது கம்போங் ஸ்பூ மாகாணத்துல ஒரு சபைக்கு. நாம்பென்னுக்கு மேற்கே. ஏட்டி, அங்க நீ வந்திருக்கணும். நம்ம சாத்தான்குளம் ரோட்டுல போற மாதிரியே ரெண்டு பக்கமும் பனை! அந்த நாட்டுக்குத் தேசிய மரமே பனைதானாம். மரத்தோட மூங்கிலைக் கட்டி ஏணியா ஏறுதான், மூங்கில் குழாயில பதநீர் இறக்குதான். புளிக்காம இருக்க நாம கலயத்துல சுண்ணாம்பு தடவுவோம், அவங்க ஒரு மரத்தோட செதிலைப் போடுதாங்க. அந்த ஊர்ப் பனஞ்சர்க்கரைக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க. நம்ம கருப்பட்டி மாதிரி கறுப்பா இல்ல, வெளுப்பா இருக்கு. கொயர் ஆன்ட்டி கிலோக் கணக்குல வாங்கிட்டாங்க. காலியான சேலைப் பெட்டியை நிரப்பணும்ல!

கைப்பிரதிப் பெட்டி மட்டும் அப்படியே திரும்பி வந்தது. வீடு வீடாப் போய் மதம் சொல்லக் கூடாதுன்னு அங்க 2007-லயே அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கு. எங்க ஆளு யாருக்கும் அது தெரியல. அந்த ஊர்ப் போதகர் சிரிச்ச முகத்தோட பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளினார். அடுத்து, "பக்கத்துல அனாதை இல்லம் எதுக்காவது போகலாமா?"ன்னு வாலிபர் தலைவன் ஆரம்பிச்சான். போதகர் சிரிப்பு அங்கயே நின்னு போச்சு. கம்போடியாவுல அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப்பே சொல்லியிருக்கு, தெரியுமா? வெளிநாட்டுக்காரன் பார்க்க வாரான், காசு தாரான்னுதான் இல்லம் பெருகுச்சாம். "பிள்ளை வீட்டுல இருக்கட்டும். உதவணும்னா வீட்டுக்கு உதவுங்க"ன்னு போதகர் சொன்னார். எங்க பாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அப்புறம் என்ன, பிள்ளைங்க ஆக்‌ஷன் சாங் பாடினாங்க, வேலிக்குக் குழி தோண்டி உள்ளங்கையில கொப்புளம் வாங்கினாங்க, போட்டோ எடுத்தாங்க.

நம்ம அங்கிள் வெயிலுக்குப் பயந்து சபைக் கட்டடத்துக்குள்ளயே உட்கார்ந்திருந்தார். அங்க ஒரு சின்னப் பொண்ணு, சபைக் கணக்கு எழுதுதவ, நோட்டைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிட்டு இருந்திருக்கா. இவருக்குப் பொறுக்குமா? கிட்டப் போயிட்டார்.

அந்த நாட்டுல ரெண்டு பணம் ஓடுது, குஞ்சு. பெருசுக்கு அமெரிக்க டாலர், சில்லறைக்கு ரியல். அரை டாலர் மீதி வரணும்னா 2,000 ரியல் தருவான். ஓரம் கிழிஞ்ச டாலரைக் கடைக்காரன் கையால தொட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில ரெண்டும் கலந்து விழும். இவ எல்லாத்தையும் டாலருக்கு 4,000-ன்னு போட்டு ஒரே பத்தியில எழுதியிருக்கா. மாத்தப் போனா கடையில டாலருக்கு 4,100 கேக்கான். 4 லட்சம் ரியல் விழுந்தா நோட்டுல 100 டாலர், கையில 97 டாலர் சொச்சம்தான். மாசாமாசம் இடிச்ச அந்த ரெண்டரை டாலரை யாருக்கும் சொல்லாம தன் கைக்காசுல போட்டு அடைச்சிருக்கா, பாவி மக!

அங்கிள் ஸ்கேலை எடுத்து நோட்டுல நடுக்கோடு போட்டார். டாலர் தனிப் பத்தி, ரியல் தனிப் பத்தி. மாசக் கடைசியில, அன்னைக்கு விலைக்குத்தான் மாத்தணும், மாத்தின சீட்டை ஒட்டி வைக்கணும். பாஷை தெரியாது, எண்ணு போதும். பழைய நோட்டையெல்லாம் எடுத்து அவ போட்ட காசைக் கூட்டி, சபை அவளுக்குத் திருப்பித் தரணும்னு எழுதியே வாங்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரி போதகர் சொன்னதைக் கேட்டு மனுஷன் சோறே இறங்காம உட்கார்ந்துட்டார். 1975 ஏப்ரல்ல கெமர் ரூஜ்காரங்க நாம்பென்னைப் பிடிச்சதும் பணத்தையே ஒழிச்சுட்டாங்களாம். மத்திய வங்கியை வெடி வச்சுத் தகர்த்திருக்காங்க. கூலி இல்ல, கடை இல்ல, கஞ்சிதான். 1979-ல அந்த ஆட்சி போறதுக்குள்ள ஏறக்குறைய 17 லட்சம் பேர் செத்துட்டாங்க. ரியலை மறுபடி அச்சடிச்சது 1980-ல. அப்புறம் ஐ.நா. ஆளுங்க வந்தப்ப டாலர் வந்து குவிஞ்சது, போகவே இல்ல. "கணக்கு எழுதினவங்க, படிச்சவங்க எல்லாரையும் இழந்த ஊரு. எங்களுக்குச் சொல்லித்தர யாரு இருந்தா?"ன்னு போதகர் கேட்டதை அங்கிள் எங்கிட்ட மூணு தடவை சொல்லிட்டார்.

இங்க வந்து சாட்சி ஞாயிறு. வாலிபர் படம் போட்டுக் காட்டினாங்க, கைதட்டல். அங்கிள் எழுந்து பயணச் செலவை வாசிச்சார், டி-ஷர்ட் செலவு உட்பட. அதுக்கு யாரும் கை தட்டல.

இப்போ அந்தப் போதகர்கிட்டேயிருந்து மெயில். அடுத்த வருஷம் அங்கிள் கண்டிப்பா வரணுமாம், பக்கத்துச் சபைகள்ல கணக்கு எழுதுதவங்களும் கத்துக்க வருவாங்களாம், கணக்கு தெரிஞ்ச இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா நல்லதாம். கிட்டார் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கமிட்டியில ஒரே முணுமுணுப்பு. "நோட்டுல கோடு போடுத படத்தைக் காட்டினா எவன் காணிக்கை போடுவான்?"னு கேட்டது யாருன்னு நினைக்கே? எங்க வீட்டுக்காரரேதான்!

ஏட்டி, கூட்டுறவு பேங்க்ல அத்தனை வருஷம் லெட்ஜர் எழுதினவ நீ. உன் பேரை நான் அங்கிள்கிட்ட கொடுத்தாச்சு. பாஸ்போர்ட் இருக்கா? இல்லன்னா திங்கட்கிழமையே போய் அப்ளை பண்ணு.

உன்,
தங்கம்