உப்பளக் கரையில் வாகன பூஜை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், சுமார் 35 கி.மீ. தொலைவில் மரக்காணம். சாலையோரம் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்கள்; ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகள் தாங்கிய அருள்மிகு பூமீஸ்வரர் திருக்கோயில்.

விடியுமுன் பாத்தியில் இறங்க வேண்டிய உப்பளத் தொழிலாளிக்கு முதல் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. எடை குறைந்த 100 சிசி வண்டியே பழகுவதற்கு ஏற்றது. பெரும்பாலும் தவணைக் கடன்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுவிடும், தவணையோ நிற்பதில்லை. அந்தக் கவலையும் புதிய வண்டியோடு சேர்ந்தே கோயில் வாசலுக்கு வருகிறது. சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, தீபம் காட்டியபின், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சை நசுங்க வண்டி முன்னே நகரும்.

பிறகுதான் பழக்கம். கிளட்சைச் சட்டென விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். மெல்ல விடக் கை பழகச் சில நாள்கள் ஆகும். அதற்கு நெடுஞ்சாலை உகந்த இடமன்று. அங்கே பேருந்துகள் விரைகின்றன. கடற்காற்றும் பக்கவாட்டில் தள்ளும். (தலைக்கவசத்தைப் பூமாலைக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.) உப்பங்காற்று இரும்பை விரைவில் துருவேற்றும். ஆகவே அளத்திலிருந்து திரும்பியதும் வண்டியை நன்னீரால் துடைத்து, செயினுக்கு அடிக்கடி எண்ணெய் இட வேண்டியிருக்கிறது.