பெரியாற்றில் ஒரு தெப்பப் பயணம்

வண்டன்மேட்டில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஏலத்தோட்டமும் மழையும் மூடுபனியும் நன்கு பழகியவை. ஆயினும், சுமார் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் விரிந்து கிடக்கும் பெரியாற்று நீரில் ஒரு நாளேனும் மிதந்து வந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அக்குறையைத் தீர்க்க முனைந்தனர். மூங்கில் கழியில் நரம்பு கட்டித் தூண்டில் செய்து, மண்புழுவுக்கு ஒரு தகரக் குவளையும் தேடி வைத்துவிட்டனர். தோணியில் சென்று மீன் பிடித்து, கரையிலேயே சுட்டு உண்பது அவர்கள் திட்டம்.

எங்கள் தாயார் மட்டும் இசையவில்லை. “வேண்டாம்ப்பா, பிள்ளைகளைத் தண்ணீரில் ஏற்றாதே” என்றார். அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும், மிதவைச் சட்டை அணியாதிருந்ததும் அன்று பேசப்பட்ட செய்திகள். அந்நாள் இரவு குமுளிச் சாலையில் சென்ற ஊர்திகளின் ஒலியைத் தாயார் இன்றும் மறக்கவில்லை. ஆதலின் பயணத்தைக் கைவிடாமல், முறையாக ஆய்ந்து திட்டமிடுவதென்று முடிவு செய்தேன்.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது, தூண்டிலுக்கு அங்கே இடமில்லை என்பதே. ஏரியும் சுற்றியுள்ள காடும் பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1934-இல் விலங்குச் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமான அக்காட்டின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அனுமதியின்றி அங்கு மீன் பிடிப்பது குற்றம். 1886-ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1970-இல் திருத்தப்பட்டபோது, ஏரியின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்திற்கு விட்டுக்கொடுத்தது. இன்று அந்நீரில் வலை வீசுவோர் அக்காட்டின் பழங்குடிகளான மன்னான், பளியர் மக்கள். நமக்குப் பொழுதுபோக்காகத் தோன்றுவது அவர்களுக்கு அன்றாட அரிசி.

மீன்களின் நிலையும் எண்ணத்தக்கது. பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத மீனினம் ஒன்று இங்கு உண்டு. வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் ஏரியில் பெருகிவிட, அத்தகைய மண்ணின் மீன்கள் ஒடுங்கி வருகின்றன. இவற்றைச் சொன்னதும் இளையவன் தூண்டிலை மீண்டும் பரணில் வைத்தான். முகம் சற்று வாடியது உண்மையே.

ஆனால் தோணி ஆசைக்குத் தடையில்லை. வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது. தேக்கடியிலுள்ள அதன் சூழல் சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்தல் வேண்டும். ஒரு நாளைக்குச் சிலரையே ஏற்பர். ஆகவே புறப்படுவதற்குப் பல நாள் முன்னரே கட்டணத்தையும், எவ்வயதுச் சிறுவரை ஏற்பர் என்பதையும் கேட்டறிவது நன்று. காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கு இருக்கவேண்டும் என்பதால், முதல் நாளே குமுளி சென்று உறவினர் வீட்டில் தங்கினோம். புற்றடி, அணக்கரை வழியாகப் பேருந்து செல்கிறது. மழைக்காலம் கழிந்த மாதங்களே ஏற்றவை. பசுமை நிற உடையும், குடிநீரும், அட்டைக்கடிக்குக் காலுறையும் மறவாதீர்.

காட்டு வழியே நடந்து ஏரிக்கரையை அடைந்தோம். வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் காட்டில் மறைந்து வயணப் பட்டை உரித்து விற்றவர்கள். இன்று அதே காட்டின் காவலர்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வந்தார். ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிந்து கயிற்றை இறுகக் கட்டிய பின்னரே தெப்பம் நகர்ந்தது. “யானையைக் கண்டாலும் எழுந்து நிற்காதீர்கள்” என்று முதலிலேயே எச்சரித்தனர்.

துடுப்பொலி தவிர வேறொலி இல்லை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. ஓரிடத்தில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று மீனுடன் மேலெழுந்து எங்களை உற்று நோக்கியது. “நம்மைவிட நல்ல தூண்டில்காரர்கள்” என்றான் இளையவன்.

இந்நீர் நமக்கு அயல்நீர் அன்று. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையோடு கலந்து மதுரைக்கும் அப்பாலும் செல்வது இதுவே. நம் முன்னோர் உழுத நிலத்தில் பாய்வதும், நாம் பிழைக்க வந்த மலையில் தேங்குவதும் ஒரே நீர். அதனை இருகரையாரும் வழக்காகவே பேசிப் பழகிவிட்டனர். நம் பிள்ளைகளேனும் அதைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

மாலையில் குமுளி திரும்பினோம். வாசலில் நின்ற தாயார் யானையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ கேட்கவில்லை. விரலை மடக்கி எங்களை எண்ணினார். பின்னர், “எல்லாரும் அந்தச் சட்டையைப் போட்டிருந்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தோம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூறினர்.

“அப்படியானால் அடுத்த முறை நானும் வருகிறேன்” என்றார் அவர்.